மலைமரங்களில் மஞ்சள் துணி

திருவண்ணாமலை,
12.8.1984

தங்கம்மாளுக்கு ஆசிகள். நான் நலம், உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் சூழலியல் குழு கணக்கெடுத்த அரிய மரங்களை வெட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாக, உன் பழைய மஞ்சள் புடவையைக் கிழித்து அவற்றில் கட்டி வந்தேன். விறகு வெட்டும் எல்லம்மாள் அதை வேண்டுதல் துணி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறாள். மரம் பிழைத்தால் சரி என்று நானும் திருத்தவில்லை.

புடவை போன வாரமே தீர்ந்துவிட்டது. நேற்றோ, என்னால் ஏறவே முடியாத செங்குத்துப் பாறை மரங்களிலும் மஞ்சள் துணி தெரிந்தது.

"நீங்க கட்டலையா சார்? அப்ப யாருங்க கட்டினது?" என்று எல்லம்மாள் அரிவாளைக் கீழே போட்டாள்.

நான்தான் மறந்தேனோ என்னவோ. நீ பயப்படாதே. திரும்பி இறங்கி வந்து பார்த்தால், மலையடியில் சாய்த்து வைத்த என் குடையிலும் ஒன்று, உன் புடவைக் கரையோடு. வெட்டக் கூடாது என்ற அடையாளம்தானே, அவிழ்க்கவில்லை.

தலைவலித் தைலம் அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா. தபால்காரர் காத்திருக்கிறார்.

சக்கரபாணி