காலி இடம் என்று எழுதியவர்

பாம்பன், ஆனி 9, 1957

உப்பளம் போடுவதற்காக எங்கள் கரையை அளக்க இன்று சர்வேயர் வந்தார். அவர் நோட்டில் "புறம்போக்கு, காலி இடம்" என்று எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன். என் மனைவி அந்தோணியம்மாள் கையிலிருந்த வலையைக் கீழே போட்டாள்.

"காலியா? அய்யா, செத்த இங்கன வாங்க."

குடிசை குடிசையாக அவரை அழைத்துப் போனாள். கடைசிக் குடிசையில், நேற்றுப் பிறந்த பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"இவளையும் காலின்னு எழுதுவீகளா?"

மனிதர் சிரித்துவிட்டார். எழுதியதை அடித்துவிட்டு, "மீனவர் குடியிருப்பு, பதினேழு வீடு" என்று எழுதினார். ஆனாலும் முடிவு தாசில்தார் கையில்தானாம். எனக்குப் பயம் போகவில்லை.

நாளை கடலுக்குப் போகாமல் ராமநாதபுரம் போகிறோம். மனுவை எழுதிவிட்டேன். பேசுவதற்கு அவள் இருக்கிறாள்.