வட்டில் மூழ்குமுன் எழுந்து போன பூவணியின் மதிப்பு குறித்து

மழை பருவம் தவறாது பெய்க. ஆறு கரைக்குள் நடக்க. கற்போர் கையும் நாவும் ஒருங்கே தேர்க.

பன்னிரு கால்வாய்க்கு உரியவரும், வெண்ணாவல் நாட்டின் மேட்டுநிலமும் பள்ளநிலமும் ஒருகுடைக்கீழ்க் காப்பவருமான பேரரசி கோப்பெருநங்கையார் திருவாய் மொழிந்தபடி, ஓலைநாயகம் காடன் அம்பலவன் எழுதுவது. தாழையூர் நீர்க்கழகத்து எழுவர் பேரவையோர்க்கு அரண்மனையின் வணக்கமும் வாழ்த்தும் சென்று சேர்க. நும் சுவடிகளைக் கரையான் அண்டாதிருக்க. நும் மாணவர் கட்டிய மதகுகள் நூறு வெள்ளம் கண்டு நிற்க.

நிற்க. இந்த ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், நும் கழகத்தில் ‘ஆக்கமும் ஓட்டமும்’ என்னும் பாடத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாகக் கற்பித்து மதிப்பிட்டுவரும் உமையாழ்வி அம்மையார், இரண்டு நாள் நடந்து, சேறு படிந்த சேலையோடு அரண்மனை வாயிலில் வந்து நின்றார். அவர் விண்ணப்பத்துக்குப் பேரவையோர் அனுப்பிய விடை இரண்டே வரி. ஆகவே நடந்தது முழுவதையும் அவர் சொன்னபடியே, அவரவர் பேசிய பேச்சையும் மாற்றாமல் எழுதியனுப்புமாறு பேரரசியாரின் கட்டளை.

பேரரசியாரின் பாட்டனார் காலத்தில் மதகைக் கட்டியவர் ஒருவராகவும் அதை இயக்கிக் காத்தவர் வேறொருவராகவும் இருந்தனர். கரை உடையும்போதெல்லாம் காத்தவன் கட்டியவனைக் குறை சொன்னான். கட்டியவன் காத்தவனைக் குறை சொன்னான். இருவரும் வழக்காடி முடிப்பதற்குள் ஊர் மூழ்கியது. அதனால்தான் கட்டுகிற கையே காக்கவும் வேண்டும் என்று இந்தப் பாடம் வகுக்கப்பட்டது. நால்வர் ஒரு குழுவாகச் சேர்ந்து, நீர் ஏறும்போது மிதவையின் இழுப்பால் தானே திறக்கும் மதகு ஒன்றைக் கட்டவேண்டும். நாற்பது நாள் அதை இயக்கி, நேர்ந்த பழுதுகளை அன்றாடம் ஓலையில் குறிக்கவேண்டும். நாற்பதாம் நாள் அவையேறி, மூன்று மதிப்பீட்டாளர் முன் தம் வேலையை விளக்கவேண்டும். அந்த நாற்பது நாளும் மதகைத் தொடும் உரிமை கட்டிய குழுவுக்கு மட்டுமே. காவலன் கொம்பு ஊதலாமே தவிரக் கதவில் கைவைக்கலாகாது.

வேலைக்கு அறுபது, அவைக்கு நாற்பது என்பது மதிப்பு. ஆனால் நேரம் அளக்க நீரில் இடும் துளைக்கிண்ணமாகிய நாழிகை வட்டில் நிறைந்து மூழ்குமுன் அவையை விட்டு நீங்கியவருக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை. இந்த விதியைப் பதினோர் ஆண்டுக்கு முன் எழுதியவர் உமையாழ்வி அம்மையாரே. பெருங்குடிப் பிள்ளைகள் சிலர் பிறர் உழைப்பில் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டு, அவையில் நாலு வார்த்தை பேசிவிட்டு, கேள்வி தொடங்குமுன் நழுவிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க வேறு வழி அன்று அவருக்குத் தெரியவில்லை.

இவ்வாண்டு மூன்றாம் குழுவுக்குக் கவர்முனை மதகு வாய்த்தது. அக்குழுவில் வேளான் விடங்கன் என்பவன் பேசத் தொடங்கினால் கேட்பவர் வாயிலிட்ட வெற்றிலையை மெல்ல மறப்பார்கள். இருவர் மரமும் கல்லும் சேர்த்துத் தந்ததோடு சரி. நான்காமவள் உப்புத்தோணிக்காரர் மகள் பூவணி. பழுதுக்குறிப்பு ஓலைகள் நாற்பதில் முப்பத்தொன்று அவள் கையெழுத்து. ‘பதினேழாம் நாள். கயிறு நனைந்து நீண்டுவிட்டது. கதவு தாமதமாய்த் திறந்தது. கயிற்றை மாற்றினேன். இரவு மழையில் மறுபடி பார்த்தேன், சரி’ என்று ஒரு குறிப்பு. இப்படி ஒரு குறிப்பைப் பத்தொன்பது ஆண்டில் தாம் படித்ததில்லை என்று அம்மையார் பேரரசியாரிடம் சொன்னார்.

அவையேறிய நாள் உச்சிப்பொழுதில் வட்டிலை நீரில் இட்டார்கள். விடங்கன் முன்னே நின்று, தங்கள் மதகுக்கு ஆள்துணையே வேண்டாம் என்று விளக்கிக்கொண்டிருந்தான். வட்டிலில் பாதி நீர்கூட ஏறவில்லை. இரண்டு கூப்பிடு தூரத்திலிருந்த கவர்முனையில் கொம்பு மூன்று முறை குறுக ஒலித்தது. மிதவை சிக்கிவிட்டது, நீர் ஏறுகிறது என்பது அதன் பொருள். மேற்கு மலையில் பெய்த மழை ஒருவரும் எண்ணாத வேகத்தில் இறங்கியிருந்தது.

பூவணி ஓரடி முன்வந்து உமையாழ்வி அம்மையாரைப் பார்த்தாள்.

“அம்மா, மிதவ சிக்கிருச்சு. நான் போகட்டுமா?”

அம்மையார் வட்டிலைப் பார்த்தார். இதே விதியால் அதுவரை நாற்பத்துமூன்று பேருக்கு அவர் சுழி இட்டிருக்கிறார். அவர்களில் ஒருவன், தந்தை சாகக்கிடக்கிறார் என்று ஆள் வந்து கூப்பிட எழுந்துபோனவன். அவனுக்கு இல்லாத விலக்கை இவளுக்கு எப்படித் தருவது? போகாதே என்று சொல்லவோ மனம் ஒப்பவில்லை. கடைசியில் அவர் சொன்னதை மறைக்காமல் அரண்மனையிலும் சொன்னார்.

“வட்டில் இன்னும் மூழ்கலம்மா.”

“தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும்மா” என்றாள் பூவணி. மறுகணம் வாசலில் அவள் இல்லை.

மதிப்பிடுவோரும் வட்டில் மூழ்கும்வரை எழலாகாது. அம்மையார் அமர்ந்தே இருந்தார். விடங்கனின் குரல் ஒருமுறை தடுமாறிப் பின் தொடர்ந்தது. உடனிருந்த மதிப்பீட்டாளர் இருவரும் மிதவை எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்க, அவன் அழகாக விடை சொன்னான். அந்த விடை தம் காதில் விழுந்ததே தவிர மனத்தில் ஏறவில்லை என்றும், மூழ்காத வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அம்மையார் சொன்னார்.

கவர்முனையில் ஒரு பனந்துண்டு மிதவைக்கடியில் செருகிக் கிடந்தது. பூவணி கழுத்தளவு நீரில் இறங்கி அதற்குக் கயிறு கட்ட, துறையிலிருந்த சலவைத் தொழிலாளர் இருவர் கரையில் நின்று இழுத்தார்கள். பின் அவளே கதவைக் கையால் திறந்தாள். அதற்குள் கீழ்ப்புனலூரில் ஏழு வீடுகளில் முழங்கால் அளவு நீர் புகுந்துவிட்டது. தொழுவத்தில் கட்டியிருந்த கறவைமாடு ஒன்று செத்தது. மனித உயிர்ச்சேதம் இல்லை. அவள் வட்டில் மூழ்கும்வரை காத்திருந்தால் தெருவே இராது என்று காவலன் சான்று சொல்லியிருக்கிறான்.

விடங்கனுக்குத் தொண்ணூற்றொன்று. மற்ற இருவருக்கும் எண்பத்துநான்கு. பூவணிக்குச் சுழி. தலைமை மதிப்பீட்டாளர் என்ற முறையில் அச்சுழியை அம்மையாரே இட்டார். எழுத்தாணி அழுந்தி ஓலை இருமுறை கிழிந்தது. மூன்றாம் ஓலையில்தான் எழுத முடிந்தது.

அன்று மாலை விடங்கன் அவர் வீட்டுக்கு வந்தான்.

“என் மதிப்ப அவளுக்குக் குடுத்துருங்கம்மா. நாப்பது நாளும் அங்கயே கெடந்தது அவதான். நான் பேசுனேன், அவ்வளவுதான்.”

“அப்படி மாத்திக் குடுக்க விதியில்லப்பா.”

“அந்த விதிய எழுதுனது யாரும்மா?”

கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

அம்மையார் பேரவையோரிடம் விண்ணப்பித்தார். ஒருத்திக்கு விலக்குத் தந்தால் நாற்பத்துமூவரும் கேட்பர், ஆதலின் விதி நிற்கும் என்று விடை வந்தது. அது தவறு என்று சொல்லத் தம்மால் முடியவில்லை என்றும், அதே சொற்களைத் தாமே பல பெற்றோர்களிடம் சொல்லியிருப்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.

தேறாதவர் மதகுக்காவல் பெறலாகாது என்பது நாட்டுவழக்கம். ஆகவே கவர்முனைக் காவல் விடங்கனுக்கு வந்தது. அவன் பூவணியைத் தன் உதவியாளாக எழுதிக்கொண்டான். அவனால் முடிந்தது அவ்வளவே. மதிப்போலையை ஆள்வசம் அனுப்ப மனமின்றி அம்மையார் தாமே கவர்முனைக்கு எடுத்துச்சென்றபோது, பூவணி கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஓலையை வாங்கி, படித்து, சுருட்டி இடுப்பில் செருகினாள்.

“அவன் பேருக்குக் கீழ வேல பாக்குறது உனக்குக் கஷ்டமா இல்லையா?” என்று அம்மையார் கேட்டார்.

“யார் பேருல இருந்தா என்னங்கம்மா, கதவ யாராவது தெறக்கணும்ல.” மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “ஒண்ணே ஒண்ணுதான்மா. அன்னைக்கு நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடுனேன். நீங்க திட்டிக் கூப்புடுவீங்களா, இல்ல போன்னு சொல்லுவீங்களான்னு தெரியல. அதுல ரெண்டு தடவ விழுந்துட்டேன். விழாம போயிருந்தா அந்த மாடு பொழச்சிருக்கும்.”

இதைச் சொல்லும்போதுதான் உமையாழ்வி அம்மையார் பேரரசியார் முன் அழுதார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழவில்லை.

பேரரசியார் பாட்டனாரின் செப்பேட்டை எடுத்துவரச் சொன்னார். நும் கழகத்துக்கு அளித்த உரிமைகளில் ஐந்தாவது, ‘மதிப்போலையை மன்னர் கை தொடலாகாது’ என்பது. அரசிளங்குமரன் ஒருவன் அரண்மனைச் சொல்லால் தேறி, அவன் கட்டிய அணை உடைந்து நூறு குடி அழிந்தபின் பொறித்த வரி அது. பேரரசியார் அதை இருமுறை படித்தார்.

“என் கையையும் கட்டித்தான் வெச்சிட்டுப் போயிருக்காங்க” என்றார்.

“அது நல்ல விதி தாயே” என்றார் அம்மையார். “அதனாலதான் என்ன பண்றதுன்னே தெரியல.”

மதிப்பீட்டுப் பொறுப்பிலிருந்து தம்மை விடுவிக்குமாறும் அவர் வேண்டினார். அதுவும் பேரவையோர் உரிமை. பேரரசியாரால் செய்யக்கூடியது கீழ்ப்புனலூரில் மாட்டை இழந்த வீட்டுக்கு அரண்மனைத் தொழுவத்திலிருந்து கன்றோடு ஒரு கறவை அனுப்புவதே; அது அனுப்பப்பட்டது.

ஆதலால் எழுவர் பேரவையோர் அறியவேண்டியது. அவை நடக்கும்போது கொம்பு ஒலித்தால் எழுந்துபோவது அவையை விட்டு நீங்குவதாகுமா, அன்றி அதுவும் தேர்வின் பகுதியாகுமா என்பதைப் பேரவையோர் கூடி எண்ணுக. எண்ணுமுன் இவ்வோலையை ஒரு வரியும் விடாமல் அவையில் படிப்பிக்க. இவ்விடத்தில் வழக்கம்போல் ‘இது ஆணை’ என்று எழுத எழுத்தாணியை எடுத்தபோது, “அந்தச் சொல்லுக்கு எனக்கு உரிமையில்ல, அம்பலவா. கேட்டுக்கொள்றேன்னு போடு” என்று பேரரசியார் பணித்தார். அவ்வாறே எழுதப்பட்டது: பேரரசியார் கேட்டுக்கொள்கிறார்.

உமையாழ்வி அம்மையார் இன்று காலை தாழையூருக்குப் புறப்பட்டுவிட்டார். இன்றிலிருந்து ஏழாம் நாள் நான்காம் குழு அவையேறுகிறது; அவரே மதிப்பிடுகிறார். மேற்கே மழை இன்னும் விடவில்லை என்று மலைக்காவலர் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். இவ்வோலை அந்நாளுக்குள் நும் கைக்கு வந்து சேரவேண்டுமென்று இரண்டு குதிரை மாற்றி அனுப்பப்படுகிறது.

கோப்பெருநங்கையார் ஆட்சியாண்டு பன்னிரண்டு, ஐப்பசி பன்னிரண்டாம் நாள், ஓலைநாயகம் காடன் அம்பலவன் கையெழுத்து. ஆணை இல்லாத ஓலைக்கும் அரசமுத்திரை இடப்பட்டது.