மதிலைத் தாண்டிய ஒயர்

அந்தப் போன் யாருக்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதை அன்று நான் சொல்லவில்லை, பெரியம்மா. சொல்லியிருந்தால் நீங்கள் பேச்சை மாற்றியிருப்பீர்கள்.

இன்று வெள்ளையடிக்க வந்தவர், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலில் ஆணியோடு தொங்கும் கறுப்பு ஒயர்த் துண்டைக் காட்டி, "எடுத்துரவா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

பந்தல்குடியில் போன் உள்ள வீடுகள் குறைவாக இருந்த காலத்தில், சவுதியில் இருந்த பெரியப்பா உங்களோடு பேசுவதற்காக, அப்பா எங்கள் இணைப்பிலிருந்து இழுத்துக் கொடுத்த கிளை அது. ஒரே நம்பர், மணி இரண்டு வீட்டிலும் அடிக்கும். எங்களுக்கு வந்த அழைப்பென்றால் அம்மா கரண்டியால் மதிலைத் தட்டுவாள், நீங்கள் வைத்துவிடுவீர்கள். பெரியப்பா இறந்து, எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும் அந்தப் போனைத் தினமும் துடைத்து வைத்தீர்கள். தன் அத்தாவான பெரியப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளிநாடு போய், பேச்சையே நிறுத்திவிட்ட அன்வரண்ணனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

எனக்கோ அந்த வாரம் வேறு கவலை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாடம் நடத்தும் வேலைக்குச் சோதனை வகுப்பு எடுக்க வேண்டும். நடுவில் படம் உறைந்தால் வேலை இல்லை. அப்பா போன பிறகு அம்மாவைத் தனியே விட்டுச் சென்னைக்குப் போக எனக்கு மனமில்லை.

அப்போதுதான் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் டெலிபோன் பெட்டியில் புதிய கருவி வைத்தார்கள். பழைய செம்புக் கம்பியிலேயே நெட் பல மடங்கு வேகமாக வரும் என்றார்கள். தெருவெல்லாம் வந்தது, எங்கள் வீட்டில் மட்டும் வேகம் ஏறவில்லை. லைன்மேன் கம்பியைப் பிடித்துக்கொண்டே மதில் வரை வந்தார்.

"இந்தக் கிளை ஒயரு இருக்கிற வரைக்கும் ஏறாதும்மா. சிக்னலு அங்க போயி முட்டித் திரும்பி, வாரதையும் கெடுக்குது."

"அது அவுக வீட்டு ஒயரு. தொடாதீக," என்றாள் அம்மா.

மதிலுக்கு மேலே உங்கள் தலை தெரிந்தது. "வெட்டி விடுப்பா. இத்தன வருசமா அதுல காக்காதான உக்காந்திருக்கு."

"போனு வந்தா என்ன செய்வீக?" என்றார் லைன்மேன்.

"இவளுக்குக் காலு இருக்குல்ல, ஓடியாரட்டும். புத்தகத்தப் பாத்து உக்காந்தே இடுப்புப் பிடிச்சுப் போச்சு அவளுக்கு."

அவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். அந்தச் சத்தத்துக்குள் நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள்.

வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில், மதில் வரை கையில் எடுத்துப் போகக்கூடிய கார்ட்லெஸ் போன் வாங்கினேன். ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை. வகுப்பு நடுவில் மணி அடித்தாலும் எழுந்து ஓடுவேன். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருக்கும். "இல்ல பெரியம்மா," என்பேன். பாத்திரம் மறுபடி உருளும்.

நோன்புப் பெருநாள் காலையில் அடித்தபோது, "ம்மா," என்றது ஓர் ஆண் குரல்.

"வைக்காதீகண்ணே, வைக்காதீக," என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். மாவு ஒட்டிய கையால் மதிலுக்கு மேலே போனை வாங்கினீர்கள்.

அடுத்த மாதம் அன்வரண்ணன் வந்தார். நீங்கள் கண் மூடும் வரை இங்கேதான் இருந்தார்.