வண்டியை நானே ஓட்டுகிறேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, நலமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்துவிட்டார்கள், முதல் வேலையாக என்னைப் பார்த்து, உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது என்று கேட்டார், ஆகவே பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது, கவலைப்படாதே. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன், முழுசும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

விட்டுடும்மா, ஆபீஸ்ல நாற்காலி போட்டுத் தர்றேன்னு சொல்றாங்கல்ல, பேசாம உட்காரு என்று போன வாரம் சொன்னாய். உட்கார மாட்டேன். மருந்து கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் மெடிக்கல் ரெப்பாக டாக்டர்கள் வாசலில் நிற்க ஆரம்பித்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். ஏரியா மேனேஜர் பதவி ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டி எவனாவது ஒருத்தனுக்குப் போனது உனக்கே தெரியும். இந்த வருஷம்தான் கொடுத்தார்கள், அதுவும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேனேஜர் தனக்குக் கீழே இருக்கிற ரெப்புகள் ஒவ்வொருவரோடும் சேர்ந்து போய் டாக்டர்களைப் பார்க்க வேண்டும், ரெப் பைக் ஓட்டுவார், மேனேஜர் பின்னால் உட்கார்ந்து வருவார். எந்த டாக்டருக்கு எதைச் சொன்னால் எரிச்சல் வரும், எந்தக் கடையில் நம் மாத்திரை தீர்ந்துபோயிற்று என்பதெல்லாம் அந்த வண்டி மேலேதான் பேசி முடிப்போம். எனக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். மேடம், நீங்க எப்படி எங்க பின்னாடி என்று இழுத்தார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று நான் செய்த முட்டாள்தனம், முதல் நாள் டாக்சி பிடித்ததுதான்.

மீசை என்று எல்லாரும் கூப்பிடுகிற மூத்த ரெப் பைக்கில் முன்னால் போனார், நான் டாக்சியில் நெரிசலில் மாட்டிக்கொண்டேன். எலும்பு டாக்டர் கூப்பிட்டுவிட்டதால் மீசை தனியாக உள்ளே போய் எங்கள் புது மாத்திரையை விளக்கிவிட்டு, நான் நேராக அடுத்த கிளினிக்குக்குப் போயிருப்பேன் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார். நான் வந்து, இவர் இன்னும் வரவில்லை போல என்று நினைத்து, உள்ளே போய் அதே மாத்திரையை, அதே படங்களைக் காட்டி, அதே வரிகளில் விளக்கினேன். டாக்டர் கடைசி வரை கேட்டார். அப்புறம், ஏம்மா, இதையேதான் இப்போ ஒரு மீசைக்காரர் ஒப்பிச்சிட்டுப் போனார், உங்க கம்பெனியில ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டீங்களா என்றார். வெளியே நின்ற மற்ற கம்பெனி ரெப்புகள் சிரித்த சிரிப்பு சாயங்காலத்துக்குள் தலைமை அலுவலகம் வரை போய்விட்டது. மண்டல மேலாளர் போனில் வந்தார். இதுக்குத்தான் மேடம் சொன்னோம், லேடீஸுக்கு வெளிவேலையில நடைமுறைச் சிக்கல் இருக்கு, பயிற்சிப் பிரிவுக்கு வந்துடுங்க, ஏசி ரூம், கௌரவமா இருக்கும் என்றார். தப்பு நடந்தது வாஸ்தவம். அது டாக்சி பிடித்த தப்பு, பெண்ணாகப் பிறந்த தப்பு இல்லை.

மறுநாள் காலையில் என் ஸ்கூட்டரை மீசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஏறுங்க என்றேன். நானா, பின்னாடியா என்று நாலு பக்கமும் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஏறி, மருந்துப் பையை நடுவில் சுவர் மாதிரி வைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, என்னய்யா மீசை, லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்களா என்று கத்தினார். அதெல்லாம் இல்லண்ணே, கம்பெனியில எனக்கு டிரைவர் போட்டிருக்காங்க என்றார் இவர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு டாக்டரையும் தவறவிடவில்லை. கணவர் என் பின்னால் உட்கார்ந்து போவதில் மீசையின் மனைவிக்கு மனக்குறை என்று காதில் விழுந்ததும் நேராக வீட்டுக்கே போய் அவளையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இறங்கியவள், இனிமே இவரை நீங்களே கூட்டிட்டுப் போங்க மேடம், இவர் ஓட்டுனா நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுல்ல உட்காருவேன் என்றாள். இப்போது எல்லாரும் ஏறுகிறார்கள், கடைக்குட்டி ரெப் மட்டும் இன்னும் பஸ்ஸில் வருகிறான், வரட்டும், மழை பிடித்தால் தானாக ஏறுவான். உன் அத்தை வந்து, ஆம்பளையைப் பின்னாடி வச்சுக்கிட்டுப் போறாளே, நல்லாவா இருக்கு என்று அப்பாவிடம் கேட்டாள். அவன் ஓட்டி இவ பின்னாடி உட்கார்ந்தா மட்டும் நீ சும்மா இருந்திருப்பியாக்கும் என்று அப்பா ஒரே போடாகப் போட்டார், காபியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை மண்டல மேலாளரே வருகிறார். ஒரு நாள் என்னோடு சுற்றிப் பார்த்துவிட்டு, பதவியை உறுதி செய்வதா பறிப்பதா என்று முடிவெடுப்பாராம். மனிதர் காரில்தான் வருவார், ஆனால் எங்கள் டாக்டர்கள் பாதிப் பேர் இருக்கிற தெருவில் கார் நுழையாது. அவருக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த நாற்காலி வேண்டாம் என்று இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆகவே நீ இனி கெஞ்சிப் பயனில்லை. பதவியைப் பறித்தால் பழையபடி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன், அடுத்த தடவையும் கேட்பேன், அதற்கடுத்த தடவையும் கேட்பேன்.

மருமகள் வேலைக்குத் திரும்பப் போவதாகச் சொன்னாள். எந்த வேலை, எவ்வளவு தூரம் என்பதை அவளே பார்த்துக்கொள்வாள், நீ சமையலைக் கற்றுக்கொள். சண்டை போட்டாலும் சாப்பாட்டுக்கு முன்னால் சமாதானமாகி, இருவரும் நெடுங்காலம் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். திங்கட்கிழமை பகலில் போன் செய்யாதே. வண்டி ஓட்டும்போது நான் எடுக்க மாட்டேன், பின்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான் எடுத்துப் பேசச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஏரியா மேனேஜர்.