நீர் என்னிடமிருந்து எடுத்ததற்கு என்ன சொல்?

இன்றைக்குக் காலை கிணற்றடியில் சேலையைப் பிழிந்துகொண்டு நின்றபோது மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. உடனே உம்முடைய குரல் காதில் கேட்டது: "பிழியிறவளுக்கும் கை நோகும், கவனியும்." நீர் கண்ணை மூடி ஒரு மாரி கழிந்துவிட்டது. உம்மிடம் கேட்க வேண்டியது ஒன்று கேட்காமலே கிடக்கிறது. அதுதான் எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அதோடு என்னைப் பெற்ற ஐயா என் படிப்பை மறித்துப்போட்டார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. நீர் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலிசு படித்து, ஊர்காவற்றுறையில் கோட்டு வழக்குப் பார்க்கிற ஒரு பிரக்கிராசியாரின் கந்தோரில் டைப் அடிக்கப் போனீர். இங்கிலிசு போய்ச் சிங்களம் வரப்போகிறது, உம்மைப் போன்றவர்களுக்கு இனி வேலையே இல்லை என்று ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் என் கிணற்றுக் கதையைத் தூக்கிக்கொண்டு உம்மிடம் வந்தேன்.

மண்கும்பானில் உப்புக் கரிக்காத கிணறு அது. என் சீதன உறுதிப் பத்திரத்தில் அந்தக் கிணற்றில் பங்கும் போய்வர வழியும் எழுதியிருந்தது. அண்ணைக்குத் தன் புகையிலைத் தோட்டத்துக்கு முழுக் கிணறும் வேண்டியிருந்தது. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. அம்மாவை அனுப்பினார். அம்மா என் வாசலில் வந்து குந்தியிருந்து, "அவன் பாவமடி, குடுத்துவிடு பிள்ளை" என்று அழுதா. சோறு வைத்தால் தள்ளிவிட்டா. என் மனுசன் இளகிய ஆள். "இஞ்சாரும், கிழவி செத்துப்போகும், கையெழுத்தை வைச்சுவிடும்" என்று தானும் வைத்தார், நானும் வைத்தேன். அதற்குப் பிறகு நான் குடத்தோடு பொதுக் கிணற்றுக்கு நடந்தேன். "என்ன, உங்கட கிணறு வத்திப்போச்சோ?" என்று அங்கே ஒருத்தி கேட்டாள். அவள் முகத்தை இன்றைக்கும் படமாய்க் கீறிக் காட்டுவேன்.

"அண்ணை என்ர கிணத்தைப் பறிச்சுப்போட்டார். அப்பிடியே கடிதத்தில அடியும்" என்றேன்.

நீர் விரலை மெசினில் வைக்கவே இல்லை. "எப்பிடிப் பறிச்சவர்? கத்தியைக் காட்டினவரோ?"

"என்ர அண்ணை எனக்குக் கத்தி காட்டுறதோ? என்ன விசர்க் கதை!"

"அடிப்பன், ஊரை விட்டுக் கலைப்பன் எண்டு ஏதும்?"

"இல்லை."

"அப்ப எக்ஸ்டோர்ட் எண்டு போட ஏலாது. அது பயம் காட்டிப் பறிக்கிறது."

பிறகு நீர் ஒவ்வொரு சொல்லாக என் முன்னால் வைத்தீர், சந்தையில் மீன் வைப்பது போல. எக்ஸாக்ட் என்றால் தனக்கு உரித்து என்று நின்று அறவிடுவது. எக்ஸ்ட்ராக்ட் என்றால் பல்லுப் பிடுங்குவது போல, வரமாட்டேன் என்பதை இழுத்து எடுப்பது. ரெஸ்ட் என்றால் ஓய்வு இல்லை, கையில் இருப்பதை மல்லுக்கட்டி முறுக்கிப் பிடுங்குவது. கோக்ஸ் என்றால் பால் விடாத மாட்டைத் தடவித் தடவிக் கறப்பது. எனக்குக் கோபம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். அடுத்தவரிடம் ஒன்றை வாங்க வெள்ளைக்காரனுக்கு இத்தனை வழி தேவைப்பட்டதா? கடைசியில், மழையில் நனைந்த உம்முடைய முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து முறுக்கிக் காட்டினீர். "இது ரிங், மோதிரம் இல்லை. கண்ணீரைக் காட்டி, மனதை வருத்தி, சம்மதத்தைப் பிழிஞ்சு எடுக்கிறது. உமக்கு நடந்தது இதுதான்."

"பிழியிறது பெரிய குற்றம் போலத் தெரியேல்லை. முதல் சொன்ன பறிக்கிறதையே போடும்."

"போட்டால், பயமுறுத்தினவரோ எண்டு நாளைக்குக் கோட்டில கேட்பினம். ஓம் எண்டு பொய் சொல்லுவீரோ?"

"சொல்லுவன்."

"அப்ப வேற ஆளைப் பிடிச்சு டைப் அடிப்பியும்."

பஸ் நிற்கிற இடம் மட்டும் கோபத்தோடு போனேன். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை. திரும்பி வந்தபோது நீர் ரிங் என்ற சொல்லையே போட்டுக் கடிதத்தை அடித்து முடித்திருந்தீர். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தீர். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

பிரக்கிராசியாரின் கடிதம் அண்ணை வீட்டுக்குப் போனது. இங்கிலிசு தெரிந்த ஒருவர் அதை வாசித்துத் தமிழில் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தாவாம். அண்ணை குதித்தாராம். அம்மா சொன்னாவாம்: "பறிச்சதெண்டு எழுதியிருந்தால் அவளோட நானே சண்டைக்குப் போயிருப்பன். இது நடந்ததை எல்லோ எழுதியிருக்கு. என்னைக் கொண்டுதானே அவளைப் பிழிஞ்சனீ?" அண்ணை கோட்டு வழக்கு ஒன்றும் இல்லாமல் பங்கைத் திருப்பி எழுதித் தந்தார். போகப்போகிற பாசையில் ஒரு சொல்லை வைத்து நீர் எனக்குத் தண்ணீர் வாங்கித் தந்தீர்.

ஆனால் அதன் பிறகு அண்ணையும் நானும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒரே கிணற்றில் அவர் விடிய அள்ளுவார், நான் பின்னேரம் அள்ளுவேன். அம்மாவின் பிரேதத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இருபது வருசத்துக்கு மேல்.

பிறகு நீர் நோயும் வருத்தமுமாய்க் கரம்பொனில் பாயில் படுத்தீர். நான் பார்க்க வரும்போதெல்லாம் ஒன்றே ஒன்று கேட்பீர்: "அண்ணை எப்பிடி இருக்கிறார்?" "எனக்கென்ன தெரியும்?" என்பேன். "சரி" என்று விட்டுவிட்டு, மீன் விலை, கோயில் திருநாள் என்று வேறு கதைக்குப் போய்விடுவீர். புத்தி சொன்னதில்லை. அண்ணைக்காகப் பரிந்து ஒரு சொல் பேசியதில்லை.

கடைசி முறை வந்தபோது நீர் அதைக் கேட்கவே இல்லை. கேட்பீர், கேட்பீர் என்று தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணையின் ஒழுங்கையடியில் இறங்கிவிட்டேன்.

அவர் கதிரையில் இருந்து புகையிலை கிழித்துக்கொண்டிருந்தார். "என்ன, வழி மாறி வந்திட்டியோ?" என்றார்.

"ஓம். தண்ணி விடாய்க்குது."

செம்பை நீட்டினார். குடித்தேன். "மழை வரும் போல" என்றேன். "ஓம், வரும்" என்றார். அவ்வளவுதான்.

அதை உமக்குச் சொல்ல வருமுன் நீர் போய்விட்டீர். செத்தவீட்டில், உம்மோடு படித்த ஒரு ரீச்சரிடம் விசயத்தைச் சொல்லி, இதற்கு இங்கிலிசில் என்ன சொல் என்று கேட்டேன். பெர்சுவேட் என்றா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது நியாயம் சொல்லி மனதை மாற்றுவது என்று அவவே விளக்கினா. நீர் எந்த நியாயம் சொன்னீர்? பயம் காட்டவில்லை, தடவவில்லை, அழவில்லை, முறுக்கவில்லை. கேட்டுக் கேட்டு, பிறகு கேட்காமல் விட்டு எடுத்தீர். அதற்கு என்ன பெயர்?

சேலையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளும். நீர் என்னிடமிருந்து எடுத்தது அண்ணையோடு கதைக்கிற கதையை மட்டும்தான். அண்ணையோடு மழையைப் பற்றிக் கதைக்கிறேன், புகையிலை விலையைப் பற்றிக் கதைக்கிறேன். மன்னிப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுக்கிற சொல்லும் அந்தப் பாசையில் இருந்ததோ? தெரிந்தும் எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனீரோ?