இறங்குபடியில் ஏறியவன்

1974. தை 2, செவ்வாய்

காலையில் நல்ல பனி. மலை தெரியவில்லை, உச்சிக் கோபுரம் மட்டும். மாட்டுப் பொங்கல். வீட்டில் மாடு இல்லை, அதனால் வேலையும் இல்லை. சைக்கிளுக்கு எண்ணெய், முட்டிக்கு எண்ணெய்.

முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்து ஒன்றரை வருஷம். அதுவரை அறுபது வயசுக்கும் ஒரு வரி எழுதியதில்லை. தேவைப்படவும் இல்லை. இந்தத் திருக்கழுக்குன்றத்து மலையில் முப்பத்தொரு வருஷம் டோலி தூக்கினேன். நடக்க முடியாதவர்களைத் தோளில் சுமந்து மேலே கொண்டுபோகிற வேலை. யாரை எந்த வருஷம் தூக்கினோம், எந்த வளைவில் தண்ணீர் கேட்டார்கள், எல்லாம் மனசில். கை பழகட்டும் என்றுதான் இந்த நோட்டு.

நாளை பந்தயம். மாமல்லபுரத்து வாலிபர் கிளப்பு நடத்துவது. ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்குத் தனியாக. ஏழு பேர். கடலில் கட்டுமரத்தைச் சுற்றி நீந்திக் கரை ஏறணும். அங்கிருந்து நம்மூர்த் தேரடி வரை சைக்கிள், ஒன்பது மைல். பிறகு ஏறுபடி வழியாக ஓடி மலை உச்சி. கழுகுக்குச் சோறு வைக்கும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடணும் என்று குருக்கள் சொல்லியிருக்கிறார்.

சைக்கிள் காதர் பாய் கொடுத்தது. கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். எனக்கு இரண்டு வயசு இளையவர், இருபது வருஷச் சிநேகம். அவரும் ஓடுகிறார். தனக்கு எடுத்ததைவிட எனக்கு நல்ல வண்டி.

"உன்ன நல்ல வண்டில வுட்டு தோக்கடிச்சாத்தான் அண்ணாத்த எனக்கு மருவாதி."

வீட்டுக்காரி குப்பம்மா: "இன்னாய்யா, கொள்ளி வெக்கற வயசுல ட்ரவுசரு?"

எடுத்துப்போக: துண்டு, வெல்லம், எலுமிச்சை, மாற்று வேட்டி, ஊக்கு.

தை 3, புதன்

ஜெயித்தேன்.

எழுத மனசில்லை.

தை 4, வியாழன்

வெயில். கோழி மூன்று முட்டை. குப்பம்மா பரிசுக் கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். முகம் தெரிகிற பளபளப்பு. அந்தப் பக்கம் போகவில்லை.

நேற்று நடந்ததை நடந்தபடி.

கடல். காணும் பொங்கல் கூட்டம் கரை முழுக்க. எனக்குக் குளத்து நீச்சல்தான். முதல் அலையிலேயே மூக்கெல்லாம் உப்பு. கட்டுமரத்தில் உட்கார்ந்திருந்த மீனவர் ஒருத்தர், "பெருசு, அப்டியே சிலோன் போய்டாத, திரும்பு திரும்பு" என்றார். கரை ஏறியதில் நான் நாலாவது. பாய் இரண்டாவது.

சைக்கிள். எதிர்காற்று. வழியில் ஒருத்தருக்குக் கால் இழுத்துக்கொண்டது, ஒருத்தர் செயின் கழன்று நின்றார். தேரடிக்கு ஒரு மைல் இருக்கும்போது பாயைத் தாண்டினேன். "போ போ, மேல வந்து புடிக்கிறேன்" என்றார். சிரிக்கக்கூட மூச்சில்லை அவருக்கு. தேரடியில் நான் சைக்கிளைப் போட்டபோது அவர் இரண்டு கரண்டுக் கம்பம் பின்னால்.

மலை. இதைத்தான் எழுதணும்.

இந்த மலைக்கு ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி. எங்கள் டோலி ஆட்களுக்குள் ஒரு கட்டு உண்டு. ஆளைச் சுமந்தால் ஏறுபடி. தோள் வெறுமையாக இருந்தால் இறங்குபடி வழியாகத்தான் மேலே போகணும். ஏறுகிற சனத்துக்கு நடுவே வெறும் ஆள் முட்டிக்கொண்டு போகக் கூடாது. மீறினால் அன்றைக்கு டோலி முறை கிடையாது. முப்பத்தொரு வருஷம் அப்படி. தேரடியிலிருந்து ஓடினேன். தோளில் ஒன்றும் இல்லை. கால் தானாகப் பக்கத்துத் தெருவில் திரும்பிவிட்டது. இறங்குபடி வழி செங்குத்து, ஆனால் தூரம் குறைவு. அந்த நேரத்தில் இறங்குகிற ஆளும் இல்லை.

கல்லில் குடைந்த மண்டபம் இறங்குபடியில்தான் உண்டு; அதுவரை வழி மாறியது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மண்டபத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நின்றேன். திரும்பி இறங்கி, தெருவைச் சுற்றிப்போய், மறுபடி ஏறினால் கடைசி ஆள் நான்தான். மேலே மேளம் கேட்டது. பத்து மூச்சு நின்றிருப்பேன்.

ஏறினேன்.

தெரியாமல் ஏறியது பாதி மலை. மீதிப் பாதி தெரிந்து.

உச்சியில் எல்லாரும் சுவரோரம் நின்று, கீழே தேரடியில் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. மாலை போட்டுவிட்டார்கள். பிறகுதான் பாய் வந்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார், உதடு வெளுத்து. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஏறுபடியின் நடு மண்டபத்தில் யார் யார் கடக்கிறார்கள் என்று குறிக்க ஒரு டிரில் மாஸ்டரை நிறுத்தியிருந்தார்கள். சின்ன வயசு. கிளப்புத் தலைவர் அவரிடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல பெரியவர் பேரு இல்லியே?"

டிரில் மாஸ்டர் முகம் ஒரு மாதிரி ஆனது. "பார்த்தேன் சார். முதல் ஆளா போனாரு. குறிக்க வுட்டுப் போச்சு."

பொய் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

தை 5, வெள்ளி

வானம் மூட்டம். மழை இல்லை. முட்டி வீக்கம்.

கடைத்தெருவில் தலைகாட்ட முடியவில்லை. டீக்கடையில் எழுந்து இடம் தருகிறார்கள். பழைய டோலி ஆட்கள் நாலு பேர் வந்து கட்டிப்பிடித்தார்கள். "நம்ம தோளு இன்னான்னு காட்டிட்ட மாமா." 

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து பாய் கடைக்கு வந்தார். நானும் போனேன், சொல்லிவிடலாம் என்று. அவர் ஸ்பானர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், எல்லாத்தையும் கட்டற?"

"மெட்ராஸு போறேன் அண்ணாத்த. மவன் கூட."

அவர் மகன் ஜமால் மெட்ராஸில் தோல் மண்டியில் இருக்கிறான். பாயின் மனைவி இறந்ததிலிருந்து, கடையை மூடிவிட்டு வா, இந்த வயசில் பஞ்சர் ஒட்டி விழுந்தால் யார் பார்ப்பது என்று நச்சரிப்பு. அதற்கு இவர் சொன்னாராம்: பந்தயத்தில் ஜெயித்தால் கடை, தோற்றால் மெட்ராஸ். மகன் ஒத்துக்கொண்டு அன்றைக்கு மலைக்கே வந்து நின்றிருக்கிறான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வுட்டுக் குடுப்ப. அது எனக்கு அசிங்கம்."

திங்கட்கிழமை சாமான் ஏற்ற வண்டி வருகிறதாம். பந்தயத்துக்காக ஒரு வருஷம் தினமும் ஏரியில் நீந்தினாராம். அதையும் இன்றைக்குத்தான் சொன்னார்.

"மெட்ராஸ்ல நாலாவது மாடி. இன்னா செய்யப் போறேன்னு தெர்ல. சர்தான், டீ சாப்பிடு."

குடித்தேன்.  உண்மை வாய் வரை வந்தது, டீயோடு இறங்கிவிட்டது.

நான் திருடன். நாற்பத்தாறாம் வருஷம் டோலியில் ஒரு அம்மாள் தவறவிட்ட மூக்குத்தியைப் படி படியாகத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தவன்.

தை 6, சனி

செங்கல்பட்டு பஸ். டிரில் மாஸ்டர் வீடு அங்கே. அவர் வாயால் சொன்னால் எளிது என்று நினைத்தேன். கோழைப் புத்தி.

வாசலில் குழந்தைத் துணி காய்ந்தது. என்னைப் பார்த்ததும் தெருமுனைக்கு இழுத்துப் போனார்.

"பெரியவரே, நான் மண்டபத்துல இல்ல. மோரு குடிக்கக் கீழ எறங்கினேன். திரும்ப மேல வர்றதுக்குள்ள ரெண்டு பேரு தாண்டிட்டாங்களோ, மூணு பேரோ, தெரியாது. அதான் பார்த்தேன்னுட்டேன்."

"நான் அந்த வழியாவே வரலப்பா."

அவர் வாய் பிளந்தது. பிறகு காலைத் தொட வந்தார். "எங்க ஹெட்மாஸ்டரு கிளப்புல பெரிய கை. வேல இன்னும் நெரந்தரம் ஆவல. வுட்டுடுங்க. ஒரு கோப்பதானே!"

ஒரு கோப்பைதான். திரும்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம். வயலெல்லாம் அறுப்பு முடிந்து மொட்டை. நாளைக்குப் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பாராட்டு விழாவாம், வழியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். என் பெயரை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். சுவரில் என் பெயரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

தை 7, ஞாயிறு

சாயங்காலம் நாலு மணிக்கு விழா. மைக்கு கரகரவென்று. கிளப்புத் தலைவர், ஹெட்மாஸ்டர், டிரில் மாஸ்டர் மேடையில். கோப்பையை எடுத்து வரச் சொன்னார்கள், படம் பிடிக்க. முன் வரிசையில் பாயும் ஜமாலும். பாய் வெள்ளைச் சட்டை, எனக்காக.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சொன்னேன்.

"நான் ஏறுபடில வரல. எறங்குபடில வந்தேன். பாதில தெரிஞ்சுது. தெரிஞ்சும் வந்தேன். ஜெயிச்சது காதர் பாய்."

 கூட்டத்தில் சிரிப்பு. தலைவர் மைக்கை வாங்கி, "பார்த்தீங்களா, பெரியவருக்கு எவ்ளோ பெருந்தன்மை" என்றார். கைதட்டல்.

ஜமால் எழுந்தான். "அத்தா, நீங்க சொல்லிக் குடுத்தீங்களா? கடைய வெச்சுக்கறதுக்கா இந்த டிராமா?"

பாய் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருத்தர்தான் நம்பினார். அது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சாட்சி இல்லை. பொய்க்குத்தான் சாட்சி, மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. மறுபடி சொன்னேன். மைக்கு இல்லாமல். தொண்டை கிழிய.

டிரில் மாஸ்டர் எழுந்து நின்றார். கையால் நாற்காலியைப் பிடித்தபடி. "அவரு சொல்றது நெசம் சார். நான் மண்டபத்துலயே இல்ல. பார்த்தேன்னு சொன்னது பொய்." ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். பாவம், அவருக்கு இனி என்ன ஆகுமோ. நான் போய்க் கிளறியது.

சிரிப்பு நின்றது. "தூ, கெழவனுக்கு வந்த ஆசையப் பாரு." "டோலி தூக்கற பசங்க புத்தி." பின்னால் நின்ற எங்கள் ஆட்கள் நாலு பேரும் துண்டை உதறிக்கொண்டு போனார்கள். என்னால் அவர்களுக்கும் அவமானம்.

கோப்பையை நீட்டினேன். தலைவர் வாங்கவில்லை. "இங்க வேணாம், பேஜாரு. நாளைக்குக் கிளப்புல வந்து குடு, கமிட்டி பாத்துக்கும்."

பாய் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது: "சாமான் வண்டி வேணான்னு சொல்லிடு. வாக்குன்னா வாக்கு."

குப்பம்மா வீட்டில் சோறு வைத்தாள். பிறகு, "என்னாண்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை.

தை 8, திங்கள்

பனி குறைவு. வெயில் சுருக்கென்று.

காலையிலேயே பாய் கடைக்கு. திறந்திருந்தது. ஸ்பானரெல்லாம் பழையபடி ஆணியில். ஜமால் முதல் பஸ்ஸில் போய்விட்டானாம், பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பாய் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"பாய்."

சக்கரம் சுற்றியது.

"கோப்பைய மாமல்லபுரத்துல குடுத்துட்டு வரணும். ஒரு சைக்கிள் வாடகைக்கு."

"இல்ல."

பின்னால் எட்டு வண்டி வரிசையாக நின்றது.

"உனக்கு வண்டி இல்ல. நடந்து போ."

நடந்தேன். கோப்பையைத் துண்டில் சுற்றினால் மறைத்தது போலிருந்தது. எடுத்துவிட்டேன். ஒன்பது மைலும் கையில். ஊருக்குள் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாதி வழிக்கு மேல் சங்கதி போய்ச் சேராத ஊர்கள். "இன்னா பெருசு, ஜெயிச்சிகினு வரியா?" ஒவ்வொருத்தரிடமும் நின்று சொன்னேன். இல்லப்பா, திருப்பிக் குடுக்கப் போறேன். ஏன்? அதையும் சொன்னேன். சவுக்குத் தோப்பு ஓரம் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மட்டும் தண்ணீர் கொடுத்தாள்.

கிளப்புக் கதவு பூட்டு. எதிர்க்கடையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கமிட்டி ஆள் கையில்தான் கொடுக்கணும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தரும் வரவில்லை. திரும்ப ஒன்பது மைல். இடது முட்டி பூரி மாதிரி.

பாய் கடையைத் தாண்டும்போது பொழுது சாய்கிற நேரம். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

"இன்னா, இன்னும் கைலயே கீது?"

நின்றேன். "பூட்டிக் கீது பாய்."

"நாளைக்குப் போ."

"சைக்கிளு?"

"நட."