டூட்டி ஒப்படைக்கும்போது விட்டுப்போவது

என்னங்க,

நேற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தீர்கள். எழுப்ப மனம் வரவில்லை, கிளம்பிவிட்டேன்.

சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது. சின்னவளுக்கு இருமல் மருந்து சாப்பிட்ட பிறகுதான். முகத்தைச் சுளிப்பாள், விடாதீர்கள். குழாய் ரிப்பேர்காரர் வந்தால் பழைய வாஷரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். போன தடவை மாற்றாமலேயே மாற்றிவிட்டேன் என்றார். மாடி வீட்டு அக்கா மதியம் சின்னவளைப் பார்த்துக்கொள்வார், எதற்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

"வார்டுல டூட்டி ஒப்படைக்கிற மாதிரி பேசாதே, பொண்டாட்டி மாதிரி பேசு" என்றீர்கள். இந்தச் சீட்டும் அப்படித்தான் வந்திருக்கிறது. என்ன செய்ய? ஷிஃப்ட் மாறும்போது நர்ஸுகள் ஒருவருக்கொருவர் என்ன சொல்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்றுதானே முனைவர் பட்டத்துக்கு இத்தனை வருஷமாக ஆராய்கிறேன்.

இன்று மூன்று மணிக்கு அதற்கான வாய்மொழித் தேர்வு. கூட வருகிறேன் என்றீர்கள். "நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க" என்று கேட்டுவிட்டேன்.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாருங்கள்.

இன்னொன்று. அவ்வளவு ஆராய்ந்து நான் கண்டது இதுதான். காய்ச்சல், மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் மறக்காமல் சொல்லிவிடுகிறோம். நோயாளி பயந்துபோயிருக்கிறார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பயமா இருக்குங்க. வந்துடுங்க.